ஒன்றாம் எண்ணில் பிள்ளையார்

போன மாதம் ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். வாசலிலேயே ஒரு பெட்டி நிற்கிறது. நம்முடைய பெயரையும் ஐ.சி. என்கிற அடையாள அட்டை எண்ணையும் நாமே அதில் தட்ட வேண்டுமாம். தட்டினேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண், "ஓகே அங்கிள், ஏறிடுச்சி. உக்காருங்கலா" என்றாள்.

"ஏறுனது சரிம்மா. எத்தனாவது எடத்துல ஏறிச்சி?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அதெல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும் அங்கிள்."

கம்ப்யூட்டருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் அதற்கு மட்டும் தெரிவதா என்பதுதான் என் உத்தியோக காலம் முழுவதும் என்னைப் பிடித்து ஆட்டிய கேள்வி. ஓய்வுபெற்றோர் சங்க மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். இரண்டு பக்கத்தில் அடங்குகிற ஆள் நான் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை வைத்தே எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும். கோலா கங்சார் பக்கம் கித்தாக் காட்டில், ரப்பர் மரத்தில் உறைந்து கிடக்கும் கட்டிப்பால் பொறுக்கிக்கொண்டிருந்தவன், பிறகு புந்தோங்கில் சித்தப்பா வீட்டுக்கு வந்து, ஈப்போவில் ஒரு தோட்டக் கம்பெனியின் ஆபிசில் எடுபிடியாகச் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. மாடியில் கம்ப்யூட்டருக்கான துளை அட்டை அடிக்கும் அறை இருந்தது. அட்டைத் தட்டுகளை மேலே கொண்டுபோவதும் கீழே கொண்டுவருவதும் என் வேலை. தூக்கினோம், வைத்தோம் என்று இருந்திருந்தால் கடைசி வரைக்கும் தூக்கிக்கொண்டேதான் இருந்திருப்பேன். நான் அட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கிறவன். எந்தத் துளைக்கு எந்த எழுத்து என்று யாரும் சொல்லித்தராமலே படித்துவிட்டேன். மெஷினில் உட்கார்ந்திருந்த தெரெசா ஒருநாள் ஓர் அட்டையை நீட்டி, "எங்க, இது யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்றாள். "பச்சையம்மா, பால்மரம் வெட்டுறவங்க, உசுரோட இருக்காங்க" என்றேன். உயிரோடு இருப்பதற்கும் ஒரு துளை உண்டு. அடுத்த வருடம் எனக்கும் ஒரு மெஷின் கொடுத்தார்கள்.

அட்டைக் காலத்தில் ஓர் ஆளைச் சேர்ப்பது கையால் செய்கிற காரியம். தோட்டத்தில் புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் அவருக்கு ஓர் அட்டை அடிப்போம். கட்டைப் பிரித்து, அவர் எண்ணுக்குரிய இடத்தில் சொருகுவோம். யார் யாருக்கு நடுவில் இருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியும். எண்பதுகள் பிறந்ததும் அட்டை போய்த் திரை வந்தது. பச்சை எழுத்தில் பெயரைத் தட்டி ஒரு விசையை அமுக்கினால் ஆள் மறைந்துவிடுவார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கோ உள்ளே ஒரே குடைச்சல். இப்போது அவர் எங்கே போய் உட்கார்ந்தார்? பக்கத்தில் யார்?

இதைத் தைரியமாகக் கேட்கக்கூடிய மேலதிகாரி எனக்கு வாய்த்தார். குலசிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்தது தைப்பிங்கில். வெள்ளைச் சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான். கம்ப்யூட்டர் அறைக்குள் தூசி போகக்கூடாது என்று எல்லோரும் செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். ஐயா மட்டும் அதற்குமேல் காலையும் துடைத்துக்கொண்டு நுழைவார். ஒருவரிடமும் கை நீட்டிப் பேசமாட்டார், குரலையும் உயர்த்தமாட்டார். ஆனால் அவர் வைத்த முறையை மீறி அந்த அறையில் ஒரு பெயர்கூட ஏறாது.

முறை இதுதான். ஒருவரின் விவரம் முழுவதையும் தட்டி முடித்ததும் கடைசி விசையைத் தொடக்கூடாது. "கையை எடும்" என்பார். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தாளை அவர் வைத்துக்கொண்டு, திரையை என்னைப் படிக்கச் சொல்வார். அதுவும் கீழிருந்து மேலாக. குடும்பத்தில் எத்தனை பேர், என்ன வேலை, ஐ.சி. எண், தகப்பன் பெயர், கடைசியில்தான் ஆளுடைய பெயர். முன்னிருந்து படித்தால் கண் தானாக நம்பிக்கொண்டே போகுமாம். தலைகீழாகப் படித்தால் ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் ஆகவேண்டும். எல்லாம் சரியென்றால், "இப்ப அமத்தும்" என்பார்.

ஒருநாள், "ஒவ்வொரு ஆளுக்கும் எதுக்குங்கய்யா இவ்வளவு?" என்று கேட்டுவிட்டேன்.

"சுப்பையா, நீர் அமத்தினால் ஒரு ஆள் வந்திட்டார். வந்த ஆளைப் போகச் சொல்லுறது மரியாதையில்லை. வரமுந்திப் பாரும்."

பிள்ளையார் கதை தொடங்கியதும் அவர் காலத்தில்தான். திரை வந்தபின் ஒரு புது அட்டவணையைத் திறந்தோம். முதல் பெயர் யாருடையது என்று பேச்சு வந்தது. புது மெஷின், என்ன கோளாறு செய்யுமோ தெரியாது. அட்டவணை கெட்டால் முதலில் போனவரின் விவரமும் கெடும்.

நான்தான் சொன்னேன். "பிள்ளையாரப் போடுவோம்யா. எத எழுதுனாலும் அவருதான முன்னால? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனாலும் கோவிச்சுக்க மாட்டாரு."

தெரெசாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அண்ணே, எங்க மாதாவுக்கும் பக்கத்துல ஒரு எடம் போடுங்கலா."

ஐயா சிரிக்கவில்லை. யோசித்தார். தாளை எடுத்து அவரே எழுதினார். பெயர் பிள்ளையார். தகப்பன் பெயர் சிவன். வேலை, காவல். ஐ.சி. எண்ணுக்கு எல்லாம் ஒன்பது. குடும்பத்தில் ஒருவர். "கையை எடும்" என்று சொல்லிக் கீழிருந்து மேலாகப் படிக்கவும் வைத்தார். கடவுளுக்கும் அதே முறைதான்.

அன்று முதல் எந்த அட்டவணையைத் திறந்தாலும் ஒன்றாம் இடம் பிள்ளையாருக்கு. காலையில் மெஷினை முடுக்கியதும் ஐயா, "பிள்ளையாரை எழுப்பும்" என்பார். ஒன்றாம் எண்ணைக் கூப்பிடுவேன். பச்சையில் வந்து நிற்பார். எல்லாக் கட்டமும் ஒழுங்காக இருந்தால், "சுகமா இருக்கிறீரோ?" என்று திரையைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஐயா நாற்காலியில் உட்காருவார். விளையாட்டு என்று நினைக்காதீர்கள். ஒருமுறை மின்சாரம் போய் வந்த மறுநாள் காலையில், பிள்ளையாருக்கு வேலைக் கட்டத்தில் 'சிவன்' என்று வந்தது. அட்டவணை இடம் புரண்டுவிட்டது என்று அந்த நொடியே தெரிந்தது. முந்தின நாள் பதிந்து வைத்த காந்த டேப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்தோம். இப்போது படித்தவர்கள் இதற்கெல்லாம் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். ஈப்போவில் இதை முதலில் செய்தவன் நான்.

வேலை முடிந்து டேப் கோலாலம்பூர் தலைமையகத்துக்குப் போகும் முன் ஐயா தம் கையாலேயே பிள்ளையாரை எடுத்துவிடுவார். எடுக்கும் சாவிச்சொல் அவரிடம் மட்டும்தான். எடுத்தபிறகு நாங்கள் அந்த அட்டவணையைத் திறந்து பார்த்ததில்லை. பார்க்காததால்தான் வந்தது அந்தச் சோதனை.

எங்கள் கம்பெனி கோலா கங்சார் பக்கத்துத் தோட்டம் ஒன்றை விற்றது. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு ரோட்டோரத்தில் மனை கொடுத்து வீடும் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். குடும்பத் தலைவர்களை ஏற்றி ஓர் அட்டவணை தயார் செய்யச் சொன்னார்கள். அட்டவணையில் யாருக்கு எந்த எண்ணோ, மனைக்கும் அதே எண். டேப்பில் இருக்கிறவருக்கு வீடு, இல்லாதவருக்கு இல்லை. கணக்கு அவ்வளவு சுருக்கம்.

ஏற்றினோம். எண்கள் தோட்டத்துப் பலகையிலும் ஒட்டப்பட்டன. காட்டை வெட்டிக் குச்சி அடித்து மனைகளுக்கு எண் எழுதியிருந்தார்கள். தங்கள் குச்சியைத் தேடிப்போய் வாழைக்கன்று வைத்தவர்களும் உண்டு.

டேப் போகவேண்டிய நாளன்று காலையில், தோட்டத்திலிருந்து பஸ் ஏறி ஒரு பெண் ஆபிசுக்கு வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். பெயர் அஞ்சலை. பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவள். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே தன்னுடையதையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"கோயிலு மாதிரி குளுகுளுன்னு இருக்குதே! இங்கதான பேரு ஏத்துறது?"

"ஆமாங்க, என்ன வேணும்?"

"பலகையில என் பேரு இல்லைங்க. ரெண்டுலேருந்து முந்நூறு வரைக்கும் ஒட்டியிருக்கு. ஒண்ணாம் நம்பருல ஆளே இல்ல. கிராணியக் கேட்டா, அது கம்பெனிக்குங்குறாரு. லயத்துல கேட்டா, கிராணியோட மச்சானுக்குங்குறாங்க. யாருக்கும் இல்லேன்னா எனக்குக் குடுத்துருங்களேன்."

கிராணி என்பவர் தோட்டத்து ஆபிசில் ஆட்கணக்கு எழுதுகிறவர். ஐயா உடனே அவருக்குப் போன் போட்டார். விஷயம் இரண்டே நிமிடத்தில் தெளிந்தது. அஞ்சலையின் புருஷன் குடும்பத் தலைவராகக் கணக்கில் இருந்தவர். எங்களிடம் பெயர்கள் வருவதற்கு முன்பே நெஞ்சுவலியில் இறந்துபோனார். கிராணி அவர் பெயரை அடித்துவிட்டார். அந்த இடத்தில் மனைவியின் பெயரை எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோட்டத்தில் அப்படித்தான். ஆம்பிளை பெயர் போனால் வீடே கணக்கிலிருந்து போய்விடும். அவள் பத்து வயதிலிருந்து அதே தோட்டத்தில் மரம் வெட்டுகிறவள்.

"அவவைத் தலைவியா ஏத்தலாமோ?" என்று ஐயா கேட்டார். கிராணி அந்தப் பக்கத்திலிருந்து பதறிக்கொண்டு, "ஏத்துங்க சார், ஏத்துங்க. நான் மறுப்பே சொல்லல" என்றது எனக்கே கேட்டது.

தட்டினேன். கையை எடுத்தேன். கீழிருந்து மேலாகப் படித்தேன். அமுக்கினேன்.

ஏறவில்லை. இடம் நிரம்பிவிட்டது என்று திரை சொன்னது. மறுபடி அமுக்கினேன், அதே பதில்.

ஐயா கோலாலம்பூருக்குப் போன் போட்டார். அந்த அட்டவணையை வடிவமைத்த புரோகிராமர் லிம் என்ற சீன இளைஞர். முந்நூறு குடும்பம் என்று எழுதிக் கொடுத்தார்கள், முந்நூறு இடம் வெட்டியிருக்கிறேன் என்றார். பெரிதாக்க வேண்டுமென்றால் தலைமையகத்தில் அதைப் படிக்கிற புரோகிராமையும் சேர்த்துப் புதிதாகக் கட்ட வேண்டும், அடுத்த வாரம் ஆகும். டேப் இன்றைக்கே வந்தாக வேண்டும்.

ஐயா போனைக் கையில் பிடித்தபடியே கணக்குப் போட்டார். புருஷன் உயிரோடு இருந்தபோது கிராணி எண்ணியது முந்நூறு. அதை வைத்து லிம் இடம் வெட்டினார். புருஷன் பெயரை அடித்ததும் ஆட்கள் ஒன்று குறைந்தார்கள். அந்தக் குறைச்சல் எங்கள் கண்ணில் படவே இல்லை. ஏனென்றால் அந்த இடத்தில் ஒருவர் வசதியாக உட்கார்ந்திருந்தார்.

"அவவின்ர இடத்திலைதான் காணும் இவர் இருக்கிறார்" என்றார் ஐயா, மெதுவாக.

"யாருங்க அது?" என்றாள் அஞ்சலை.

நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா என்னைப் பார்த்தார். தெரெசாதான் வாயைத் திறந்தாள். "பிள்ளையாருதான்க்கா."

"எந்தப் பிள்ளையாரு? புந்தோங்குல இருக்காரா?"

"இல்லக்கா. சாமி. கணபதி."

அஞ்சலை ஒரு நிமிடம் எங்கள் மூவரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "சாமிக்கு எதுக்குய்யா மனை? அவருக்குத்தான் ஆத்தங்கரையும் அரச மரமும் இருக்குதே!"

பிள்ளையாரை எடுப்பது எப்போதும் செய்கிற வேலைதான். ஆனால் இப்போதுதான் என்னுடைய பழைய குடைச்சல் தலைதூக்கியது. ஒன்றாம் இடத்திலிருப்பவரை எடுத்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? பஸ்ஸுக்கு நிற்கிற வரிசை மாதிரி ஆளுக்கு ஓர் அடி முன்னால் வருவார்களா? அல்லது பல் பிடுங்கிய வாய் மாதிரி அந்த இடம் மட்டும் காலியாகக் கிடக்குமா? வரிசையாக நகர்ந்தால் இரண்டு ஒன்றாகும், மூன்று இரண்டாகும். தோட்டம் முழுவதும் ஆளுக்கு ஆள் மனை மாறிப்போகும். அவனவன் வைத்த வாழை அடுத்தவன் மண்ணில் நிற்கும். வெட்டுக்குத்தே நடக்கும்.

லிம்மிடம் ஐயா அதையும் கேட்டார். போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "நகராதெண்டு நினைக்கிறாராம். நினைச்சதை நம்பி முந்நூறு குடும்பத்தை ஆட்டலாமோ? நான் எடுக்கமாட்டன்."

அஞ்சலைக்கு இதெல்லாம் புரிந்ததோ இல்லையோ, 'எடுக்கமாட்டன்' என்பது புரிந்துவிட்டது. அழவில்லை. ஆத்திரப்படவும் இல்லை. நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தாள். "லயத்த இடிக்கிறப்ப எங்க மாமியாவக் கூட்டிக்கிட்டு நான் எங்கய்யா போவேன்? கண்ணு தெரியாத கெழவி. லயத்துல தடவித் தடவி நடக்குது. வேற எடத்துக்கு எப்படிப் பழகும்?"

தெரெசா ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள்.

நான் எழுந்தேன். "ஐயா, ஆளுங்க நகருறாங்களா இல்லையான்னு மெஷினையே கேட்டுருவோம். நாலே எடத்துல சின்னதா ஒரு அட்டவண போட்டுப் பாக்கலாம். அதுல என்ன நடந்தாலும் யாருக்கும் மனை போயிராது."

ஐயா முகத்தில் ஒரு வெளிச்சம். "போடும்" என்றார்.

இந்த ஒருமுறை பிள்ளையாருக்குப் பதிலாக ஒன்றாம் எண்ணில் எங்கள் கம்பெனி மேனேஜர் துரை. இரண்டில் குலசிங்கம் ஐயா. மூன்றில் தெரெசா. நான்கில் நான். ஐந்தாவதாகக் கோப்பி கொண்டுவரும் ஆ சாய் என்ற சீனரைப் போட்டுப் பார்த்தேன். இடம் நிரம்பிவிட்டது என்றது. நல்லது, பெரிய அட்டவணையின் அதே நிலைமை. ஐயா எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் தம் சாவிச்சொல்லைத் தட்டித் துரையை எடுத்தார்.

"துரையத் தூக்கியாச்சி!" என்றாள் தெரெசா. "இதுக்குத்தான்யா நான் இத்தன வருசமா வேல செய்யிறேன்."

ஒன்றாம் எண்ணைக் கூப்பிட்டேன். காலி. இரண்டைக் கூப்பிட்டேன். குலசிங்கம். மூன்று, தெரெசா. நான்கு, நான். ஒருவரும் நகரவில்லை. ஆ சாயை மறுபடி ஏற்றினேன். ஏறினார். எங்கே போனார் என்று தேடினால், துரையின் நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்!

இத்தனை வருடக் கேள்விக்கு அன்று எனக்கு விடை கிடைத்தது. மெஷின் ஒருவரையும் தள்ளுவதில்லை, நகர்த்துவதில்லை. முதலில் கண்ணில் படுகிற காலி இடத்தைக் கொடுக்கிறது. நல்ல பஸ் கண்டக்டர் மாதிரி.

"சரி, போதும்" என்றார் ஐயா.

"இருங்கய்யா. நடுவுல ஒண்ண எடுத்தும் பாத்துருவோம். தெரெசாவ எடுங்க."

"அது எதுக்குக் காணும் இப்ப?"

"தெரிஞ்சிக்கத்தான்யா."

ஐயா பெருமூச்சு விட்டார். ஆனாலும் எடுத்தார். அவருக்கும் ஆசைதான், எனக்குத் தெரியாதா? தெரெசாவும் போனாள், அவள் இடமும் காலியானது, நான் நான்கிலேயே இருந்தேன். அப்புறம்தான் பெரிய அட்டவணையைத் திறந்தோம்.

ஒன்றாம் எண்ணைக் கூப்பிட்டேன். பிள்ளையார், சிவன் மகன், காவல். ஐயா குனிந்து, "கொஞ்சம் எழும்பும்" என்று திரையிடம் சொல்லிவிட்டு எடுத்தார். இரண்டு, மூன்று, நூறு, முந்நூறு என்று கூப்பிட்டுப் பார்த்தேன். எல்லோரும் அவரவர் இடத்தில்.

அஞ்சலையின் விவரத்தை மறுபடி தட்டினேன். கையை எடுத்தேன். இந்த முறை ஐயா தாளைப் பார்க்காமல் ஒவ்வொன்றையும் அவளிடமே கேட்டார்.

"குடும்பத்தில எத்தினை பேர்?"

"நானும் மாமியாரும்ங்க. ஒரு கன்னுக்குட்டி இருக்கு. அதுக்குக் கட்டம் இருக்கா?"

"இல்லை."

"அப்ப ரெண்டு."

"வேலை?"

"மரம் வெட்டு."

கீழிருந்து மேலாகப் போய்க் கடைசியில் அவள் பெயரைத் திரையிலிருந்து நான் படித்ததும், அவள் தரையிலிருந்து எழுந்து நின்றாள். "இப்ப அமத்தும்" என்றார் ஐயா. அமுக்கினேன். பெயர் மறைந்து, எண் மட்டும் பச்சையில் வந்தது. ஒன்று.

டேப் அன்று மாலை கோலாலம்பூருக்குப் போனது. அஞ்சலையும் கடைசி பஸ் பிடித்துப் போனாள். அந்தப் பரபரப்பில் பிள்ளையாரை வேறெங்கும் வைக்கவில்லை என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. வைக்கவும் இடமில்லை.

எண்பதுகளின் பிற்பகுதியில் வீடுகள் கட்டி முடிந்து எல்லோரும் குடிபோனார்கள். அஞ்சலை ஐயாவையும் என்னையும் தெரெசாவையும் அழைத்திருந்தாள். ஒன்றாம் எண் ரோட்டு முனையில் இருந்தது. மற்றவர்களைவிடப் பக்கவாட்டில் கொஞ்சம் மண் கூடுதல். "ஆபிசு ஆளுங்களுக்கு என்ன சொக்குப்பொடி போட்டா தெரியல, கார்னர் வீட்டப் புடிச்சிட்டா" என்று அண்டை வீட்டுக்காரி எங்கள் காதுபடவே சொன்னாள். மாமியார் சுவரைத் தடவிக்கொண்டே சமையல்கட்டுக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து வீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். கன்றுக்குட்டி மாடாகி வேலியில் கட்டியிருந்தது.

வாசற்கதவுக்கு வெளியே, ரோட்டைப் பார்த்தபடி, சிமெண்டில் சின்னதாக மேடை கட்டி ஒரு பிள்ளையாரை வைத்திருந்தாள். தலைக்கு மேலே ஒரு தகரம். ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் நின்று, பழக்கதோஷத்தில், "சுகமா இருக்கிறீரோ?" என்றார். பிறகு அஞ்சலையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, இவரை வெளியில விட்டனீர்? உள்ளுக்குள்ள சாமியறை இருக்குதானே?"

"இருக்குங்கய்யா. ஆனா அவரு எந்திரிச்சிக் குடுத்த எடமாச்சே இது. மறுபடி உள்ள வந்து உக்காருங்கன்னு நானே கூப்புட்டா, அப்பறம் நான் எங்க போறது?"